அவசரம்: ஐரோப்பா லிஸ்டிங் மொத்தமும் தூக்கிட்டாங்க, என்ன பண்றது?

சொப்புக்கடை: வணக்கம், காலைல எந்திரிச்சி பார்த்தா என் ஆன்லைன் கடைல 40 லிஸ்டிங்ல 31 முடங்கிக் கெடக்கு, ஐரோப்பாவுக்கு விக்க முடியாதுன்னு செவப்புல எழுதிருக்கு. ஜிஎஸ்டி, ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி கோட்) எல்லாம் கரெக்டா இருக்கு, ரெண்டு வருஷமா இதேதான் அனுப்புறேன் ஒரு கம்ப்ளெய்ன்ட் கெடையாது. கையில ஒரு ஆர்டர் வேற நிக்குது. யாருக்காவது இப்படி ஆச்சா? சீக்கிரம் சொல்லுங்க

பார்சல் மணி: இது ஐஓஎஸ்எஸ் நம்பர் பிரச்சினை, அதான் ஐரோப்பா போற சின்ன பார்சலுக்கு வாட் வரி கட்டுற பதிவு நம்பர். 2021 ஜூலைல 22 யூரோ வரைக்கும் இருந்த வாட் விலக்க எடுத்துட்டாங்க, அதுலருந்தே இந்த தலைவலிதான். பார்சல்ல நம்பர் போட்டீங்களா?

கோவை பின்னல்: என்ன பொருள் ப்ரோ? எந்த நாடு? செவப்புல என்ன எழுதிருக்குன்னு அப்படியே போடுங்க, நாங்க என்ன ஜோசியமா பாக்குறோம்

மரப்பாச்சி: எனக்கும் இதே. ஃபாலோ பண்றேன்

பழைய எக்ஸ்போர்ட்டர்: மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வி. தேடிப் பாக்குற பழக்கமே போச்சு. 2024 டிசம்பர் 13லருந்து ஜிபிஎஸ்ஆர், அதாவது ஐரோப்பிய யூனியனோட பொதுப் பொருள் பாதுகாப்புச் சட்டம், அமல்ல இருக்கு, பழைய 2001 டைரக்டிவ தூக்கிட்டு வந்தது. 27 நாட்டுக்கும் ஒரே சட்டம். ஏற்றுமதி பண்றவங்க இத தெரிஞ்சிருக்கணும்.

சொப்புக்கடை: சாரி சார் பதட்டத்துல போட்டுட்டேன். அம்பாசமுத்திரம் சொப்பு சாமான், மரக்கடசல், அரக்கு பூசினது. அம்மி, உரல், பானை, அடுப்பு செட். வாங்குறது பாதி ஜெர்மனி, மீதி பிரான்ஸ். 'ரெஸ்பான்சிபிள் பர்சன் விவரம் இல்லை'ன்னு வருது. பட்டறைல அண்ணாச்சி செய்வாரு, நான் என் பேர் போட்ட டப்பால விக்கிறேன். அப்புறம் ப்ரோ இல்ல, அக்கா 🙂

பார்சல் மணி: மரமா? அப்ப பியூமிகேஷன் சர்டிபிகேட் (மரத்துல பூச்சி இல்லாம புகை போட்டதுக்கு) கேக்குறாங்க. நான் சொன்னேன்ல

கோவை பின்னல்: மணி அண்ணே முதல்ல ஐஓஎஸ்எஸ்னுதான் சொன்னீங்க. பியூமிகேஷன் பலகைப் பெட்டிக்கு, பொம்மைக்கு இல்ல. அக்கா, நான் நூல் பொம்மை விக்கிறேன், எனக்கும் இதே மெசேஜ்தான் வந்துச்சு. ஐரோப்பாவுக்குள்ள ஒரு ஆளோ கம்பெனியோ உங்க பொருளுக்குப் பொறுப்புன்னு எழுதிக் கொடுத்து ஏத்துக்கணும், அவங்க பேர், தபால் முகவரி, ஈமெயில் லிஸ்டிங்லயும் தெரியணும் டப்பாலயும் இருக்கணும். இன்னொன்னு, லண்டனுக்கு விடும், பெல்ஃபாஸ்ட்டுக்கு விடாது. வட அயர்லாந்துக்கு இந்த ஐரோப்பா சட்டம்தான். நான் அதுல மாட்டினேன்

சொப்புக்கடை: தம்பி ஸ்டுட்கார்ட்ல வேலை பாக்குறான். அவன் அட்ரஸ் போட்டா முடிஞ்சிதா??

மரப்பாச்சி: அத போட்டுட்டு வேலைய பாருங்க அக்கா, யார் வந்து பாக்கப் போறாங்க

பாரிஸ் தம்பி: நான் இஞ்ச லா ஷப்பெல்ல கடை வச்சிருக்கிறன், தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. முகவரி குடுக்கிறது சின்ன விசயம். அதிகாரிகள் கேட்டா உங்கட தம்பிதான் பேப்பர் எல்லாம் எடுத்து நீட்டோணும், பிழை வந்தா அவரின்ட கதவைத்தான் தட்டுவினம். அதோட உங்கட பிரச்சினை ஜிபிஎஸ்ஆர் மட்டும் இல்ல, பொம்மை எண்டபடியால் ஐரோப்பாவின்ட பொம்மைச் சட்டம் 2009/48 இருக்கு, அதின்படிதான் செய்தது எண்டு காட்டுற சிஇ அடையாளம் வேணும். டப்பாவில உங்கட பேர் இருந்தா சட்டப்படி நீங்கள்தான் தயாரிப்பாளர், பட்டறைக்காரர் இல்ல.

பழைய எக்ஸ்போர்ட்டர்: சிஇ பொருளுக்கு ஐரோப்பாவுக்குள்ள பொறுப்பான ஆள் வேணும்ங்கிற விவகாரம் 2021 ஜூலை 16லருந்தே உண்டு. ரெண்டு வருஷம் கம்ப்ளெய்ன்ட் வரலன்னா சரியா பண்ணீங்கன்னு அர்த்தம் இல்ல, யாரும் டப்பாவ திருப்பிப் பாக்கலன்னு அர்த்தம்.

மரப்பாச்சி: சிஇன்னா சைனா எக்ஸ்போர்ட் தானே, ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டுங்க

கோவை பின்னல்: அது வாட்ஸ்அப் கதை. சிஇய யாரும் உங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க, நீங்களேதான் போடுறீங்க, போட்டா உறுதிமொழிப் பத்திரமும் பைலும் 10 வருஷம் வச்சிருக்கணும். இஎன் 71ங்கிற ஐரோப்பிய பொம்மைத் தரப்படி முழுசா செஞ்சிருந்தா வெளியாள் சர்டிபிகேட் கட்டாயம் இல்ல, ஆனா அதுல 71-3ங்கிற பகுதி சாயத்துல ஈயம் காட்மியம் இறங்குதான்னு பாக்குறது, அத வீட்ல பாக்க முடியுமா? லேப்ல ஒவ்வொரு கலருக்கும் தனியா காசு. உங்ககிட்ட எத்தன கலர்?

சொப்புக்கடை: செவப்பு மஞ்ச பச்ச, இப்ப ஊதாவும் போடுறாரு. இயற்கை சாயம்னுதான் அண்ணாச்சி சொல்வாரு

பாரிஸ் தம்பி: ஊதா இயற்கையோ? ஒருக்கா சாய டப்பாவைக் கேட்டுப் பாருங்கோ.

பார்சல் மணி: ரொம்ப சிம்பிள். பொம்மைன்னு போடாதீங்க, ஷோ பீஸ்னு போடுங்க, கொலு அலங்காரம்னு போடுங்க. எந்த சட்டமும் வராது

பழைய எக்ஸ்போர்ட்டர்: இந்த ஐடியாவ கேட்டு கேட்டு காது புளிச்சிருச்சு. 14 வயசுக்குக் கீழ உள்ள குழந்த விளையாடறதுக்குன்னு இருந்தா அது பொம்மை, 'அதுக்கு மட்டுமே'ன்னு இருக்கணும்னு அவசியம் இல்ல. குட்டி அம்மியும் குட்டி உரலும் பார்த்தா எந்த அதிகாரி அலங்காரம்னு நம்புவான்?

பார்சல் மணி: சேகரிக்கறவங்களுக்குன்னு 14+ எழுதினா விலக்கு இருக்கு சார், நீங்களும் கொஞ்சம் படிங்க

பழைய எக்ஸ்போர்ட்டர்: இருக்கு. அவங்க லிஸ்டிங் போட்டோல ஒரு பாப்பா பானைல மண் அள்ளிட்டு இருக்கு, போய்ப் பாருங்க.

கோவை பின்னல்: 😂 அக்கா அந்த போட்டோவ முதல்ல எடுங்க. சீரியஸா சொல்றேன், பானை மூடி இருக்குல்ல, 31.7 மில்லிமீட்டர் அகல சோதனைக் குழாய்ல முழுசா உள்ள போச்சுன்னா சின்ன துண்டுக் கணக்கு, 3 வயசுக்குக் கீழ ஆகாது. அதுக்கு எச்சரிக்க ஜெர்மன்லயும் பிரெஞ்சுலயும் எழுதணும்

மரப்பாச்சி: என்னங்க இது, நம்ம பாட்டி காலத்துலருந்து புள்ளைங்க இதத்தான் வாயில வச்சிச்சி. பெரிய கம்பெனிக்காரன் சின்னவன ஒழிக்க போட்ட சட்டம். கைவினைஞருக்குன்னு ஒரு விலக்கு கூட இல்ல. நம்ம ஊர் பொம்மை ரூல்ல பதிவு பண்ண கைவினைஞருக்கு பிஐஎஸ் தர முத்திரை வேணாம்னு விட்டாங்கல்ல

பாரிஸ் தம்பி: அது உள்ளூருக்கு. இஞ்ச சின்ன ஆள் பெரிய ஆள் எண்டு பாக்கிறதில்லை. எனக்கும் கோவம்தான், மாசம் பத்து செட் விக்கிற ஆளுக்கும் கொண்டெய்னர் இறக்கிற ஆளுக்கும் ஒரே பேப்பர். ஆனா என்ட மகளுக்கு ரெண்டு வயசு, கையில கிடைக்கிறதெல்லாம் வாயுக்க போகுது, அதால நான் உங்களோட சண்டைக்கு வரேல்லை.

மரப்பாச்சி: அப்ப ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பலாமா, அது ஐரோப்பிய யூனியன்ல இல்லல்ல

பழைய எக்ஸ்போர்ட்டர்: ஜிபிஎஸ்ஆர் அங்க வராது. அதுக்காக பொம்மைக்கு அங்க சட்டமே இல்லன்னு யார் சொன்னா? புது இழை ஆரம்பிச்சுக் கேளுங்க. தேடிட்டு.

சொப்புக்கடை: எல்லாருக்கும் நன்றி, இப்போதைக்கு ஐரோப்பாவ நானே ஆஃப் பண்ணிட்டேன், அந்த ஆர்டர் காச திருப்பி அனுப்பிட்டேன். தம்பி சரின்னான், அவன் வீட்ல வேணாம்னுட்டாங்க. அண்ணாச்சிகிட்ட சாய டப்பா போட்டோ கேட்டிருக்கேன், வந்ததும் போடுறேன்

கோவை பின்னல்: அக்கா மூணு வாரம் ஆச்சு, டப்பா போட்டோ வந்துச்சா?

மரப்பாச்சி: ஃபாலோ பண்றேன்