அம்மா வீட்டில் பத்து நாள் கோடை விடுமுறை: அம்மாவும் மதினியும் மகிழும்படி எப்படி நடத்துவது?

வைகைமகள் (கேள்வி)

வணக்கம். எங்கள் அம்மாவின் வீடு மதுரை மாவட்டம் வாடிப்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறது. அப்பா காலமானபின் அம்மா, அண்ணனோடும் மதினியோடும் அங்கேயே இருக்கிறார். நான் கோயம்புத்தூரிலும் தங்கை சென்னையிலும் வசிக்கிறோம். ஆண்டுதோறும் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் இரண்டு குடும்பங்களும் பத்து நாளுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தால் ஏழு பேர். மூத்தவனுக்கு 15 வயது, கடைக்குட்டிக்கு 4. அம்மா மூவருக்கு அப்பத்தா, நால்வருக்கு அம்மாச்சி. பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருப்பது இந்தப் பத்து நாளுக்காகத்தான்.

சென்ற ஆண்டு அது நல்லபடியாக முடியவில்லை. பதினான்கு பேருக்கும் இட்லி ஊற்றி முடிக்கும்போது காலை பத்து மணி ஆகிவிடும். அந்த அடுப்பு அணையும் முன்பே மதியத்துக்கு உலை வைக்க வேண்டியிருக்கும். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்ததை நான் இரண்டு முறைதான் பார்த்தேன். பெரிய பிள்ளைகள் வெயிலுக்கு ஒதுங்கி ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு கிடந்தார்கள். ஏழாம் நாள் இரவு மதினி பின்கட்டில் நின்று தன் தாயாரிடம் தொலைபேசியில், "எல்லாருக்கும் லீவு விட்டாச்சு, எனக்குத்தான் விடலை" என்று சொல்லி அழுததைக் கேட்க நேர்ந்தது. நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள் அம்மா கால் வீங்கிப் படுத்துவிட்டார்.

இந்த ஆண்டு போகாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தங்கையோடு பேசினேன். ஆனால் அம்மாவுக்கு 74 வயதாகிறது. நாங்கள் வரவில்லை என்று சொன்னால் அவர் தாங்கமாட்டார், எங்களாலும் தாங்க முடியாது. இப்படிக் கூடும் குடும்பங்களில் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


சோழவந்தான் மருமகள்

சகோதரி, நான் உங்கள் மதினியின் இடத்தில் இருப்பவள். எனக்கு மூன்று நாத்தனார்கள். மூவரும் கோடையில் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். உங்கள் கேள்வியைப் படித்தபோது என் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் அந்தப் பின்கட்டில் நானும் நின்றிருக்கிறேன்.

முதலில், எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்பதை அம்மாவிடம் மட்டும் சொல்லாமல், மதினியை நீங்களே அழைத்துக் கேளுங்கள். "இன்ன தேதிக்கு வரலாமா, உங்களுக்குத் தோதுப்படுமா" என்ற ஒரு கேள்வி போதும். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக நாத்தனார்கள் வரும் நாளை நான் பால்காரருக்குச் சொல்லும் நேரத்தில்தான் தெரிந்துகொள்வேன். வேலை மிகுதியாக இருந்தது என்பதைவிட, என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் என் மனத்தில் அதிகம் தங்கியது.

அடுத்தது, உங்கள் மதினிக்கும் ஒரு தாய்வீடு இருக்கிறது என்பது. அவர் பிள்ளைகளுக்கும் ஓர் அம்மாச்சி இருப்பார். நீங்கள் வருகிற அதே பத்து நாளில் அந்தக் கிழவியும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மூத்த நாத்தனார் வந்து இறங்கியதும் இறங்காததுமாக, "முதல் நாலு நாள் நீ உசிலம்பட்டிக்குப் போயிட்டு வா, வீட்டை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லிப் பேருந்து நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டார். நான் திரும்பி வந்தபோது கொல்லையில் பாத்திரம் குவிந்துதான் கிடந்தது, உப்பு ஜாடி இடம் மாறியிருந்தது, ஆனால் என் மாமியார் தம் மூன்று மகள்களோடு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு மீதி நாள் முழுவதும் நான் முகம் சுளிக்காமல் சமைத்தேன், உண்மையாகவே விரும்பிச் சமைத்தேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் வெளியே பேசுவதில்லை என்பதால். மகள் கையிலிருந்து அம்மா காசு வாங்கமாட்டார். கொடுத்தாலும் அதைப் பேரப்பிள்ளை கையிலேயே திணித்துவிடுவார். ஆகவே நீங்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மளிகைக் கடைக்காரரிடம் பேசி, அரிசி, உளுந்து, எண்ணெய், பருப்பு ஆகியவற்றை வீட்டில் இறக்கச் சொல்லிப் பணத்தையும் கட்டிவிடுங்கள். இரண்டாவது கேஸ் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா என்று அண்ணனைக் கேளுங்கள். பெண்பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எல்லாருக்கும் துணி எடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்த ஆண்டு ஒரு முழம் பூவும் குங்குமமும் போதும் என்று நீங்களும் தங்கையும் முன்கூட்டியே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அண்ணன் அதைத் தாமாகச் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காலை இட்லியை விட்டுவிடுங்கள். பதினான்கு பேருக்குக் கோடைக்காலத்தில் கேப்பைக் கூழோ, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துப் பழைய சோறோ போதும். முதல் நாள் இரவே வேலை முடிந்துவிடும், உடலுக்கும் குளிர்ச்சி.


செல்லூர் அக்கா

சோழவந்தான் சகோதரி சொன்ன ஒவ்வொன்றையும் ஆமோதிக்கிறேன். அம்மாவைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன்.

"நீ உட்கார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் 74 வயதுத் தாய் உட்காரமாட்டார். தான் வேண்டாதவளாகிவிட்டேனோ என்று நினைத்துக்கொள்வார். உட்கார்ந்தபடியே அவர் தலைமை தாங்கும்படி ஒரு வேலையைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது கூழ் வத்தல். முதல் நாளே பச்சரிசி மாவைக் கரைத்து வைத்துவிடுவோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும்போது உப்பு, அரைத்த பச்சைமிளகாய், சீரகம், ஊறிய ஜவ்வரிசி எல்லாம் போட்டு, மாவை ஊற்றிக் கிண்டுவது என் வேலை. அம்மா நாற்காலியில் அமர்ந்து, கரண்டியிலிருந்து கூழ் விழுகிற விதத்தைப் பார்த்தே "இன்னும் ஒரு கொதி" என்பார். இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். எத்தனை பழம் என்பதும் அவர் நாக்குக்குத்தான் தெரியும்.

மொட்டைமாடியில் பழைய வேட்டியை நனைத்து விரித்து, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு கரண்டியாக ஊற்றுவார்கள். முதல் வரிசை வட்டமாக இருக்கும், போகப்போக இலங்கை வரைபடம் போலப் போய்விடும். அம்மா ஒன்றையும் திருத்தமாட்டார். வெயில் ஏறும்வரை காக்கை ஓட்டுவதற்கு முறை வைத்துக்கொள்வார்கள், அரைக்காய்ச்சலாக இருக்கும்போதே பாதியைப் பிய்த்துத் தின்றும்விடுவார்கள். மறுநாள் வேட்டியைக் கவிழ்த்துப் பின்புறம் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக உரிக்கும்போதுதான் அம்மா பழைய கதைகளைத் தொடங்குவார். எங்கள் தாத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையை என் மகன் கேட்டது அப்படி உரித்துக்கொண்டிருந்தபோதுதான். நானே அதுவரை கேட்டதில்லை. அந்தக் காலை முழுவதும் யாரும் அவனிடம் கைப்பேசியைக் கீழே வை என்று சொல்லவில்லை.

மற்றொன்று, கோடையில் மல்லிகை வரத்து மிகுதி, விலையும் இறங்கியிருக்கும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அரைக்கிலோ மொட்டு வாங்கிவந்து மாலையில் நடுவில் கொட்டிவிட்டால், தாய், மகள், மருமகள், பேத்தி எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். பேரன்களுக்கும் கட்டக் கற்றுக்கொடுங்கள்.


தல்லாகுளத்துப் பெரியவர்

மகளே, வெளியே அழைத்துப் போவது பற்றி மதுரையில் நீண்ட நாள் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அக்கினி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை இருக்கும். அந்த நாள்களில் பகல் பதினொன்று முதல் நான்குவரை பிள்ளைகளைக் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். வெளிவேலை எல்லாம் காலையிலோ மாலையிலோ இருக்கட்டும்.

சித்திரைப் பௌர்ணமி ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவுக்குள் வரும். உங்கள் விடுமுறை அப்போது நடக்கும் சித்திரைத் திருவிழாவோடு சேர்ந்துவிட்டால் அது பெரும் பேறு. ஆனால் நான்கு வயதுக் குழந்தையோடும் கால் வீங்கும் தாயோடும் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வைகைக் கரைக்குப் போகாதீர்கள். 2022ஆம் ஆண்டு அந்த நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய நாள் மூன்றுமாவடியில் நடக்கும் எதிர்சேவைக்குப் போங்கள். அழகர்கோயிலிலிருந்து மண்டகப்படி மண்டகப்படியாக நின்று வருகிறவரை, மதுரைக்காரர்கள் ஊர் எல்லைக்கே போய் வரவேற்கிற இடம் அது. அங்கும் கூட்டம் உண்டு, ஆனால் சாலையோரம் ஒதுங்கி நிற்க இடம் கிடைக்கும். வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல்களில் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். சொம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுகிற வழக்கத்தை உங்கள் அம்மா அறிந்திருப்பார். அந்தச் சொம்பை அவரே கையில் பிடிக்கட்டும்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குத் திருவிழா முடிந்த வேறொரு நாள் மாலை போகலாம். அங்கே கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பது உங்கள் பெரிய பிள்ளைகளுக்கு நல்லதே.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் கீழடியைச் சொல்வேன். 2023இல் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் முற்றமும் தூணுமாகக் கட்டப்பட்டது. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் அளவுதான். அங்கே அகழ்ந்தெடுத்த பொருள்களில் பகடை, ஆட்டக்காய்கள், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகள் ஆகியவை உண்டு. கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை பின்செல்வதாக 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்தது. போவதற்கு முந்தைய நாள் மதியம் உங்கள் அம்மா பிள்ளைகளுக்குத் தாயமும் பாண்டியும் சொல்லிக்கொடுக்கட்டும். தான் நேற்று எறிந்த சில்லு போன்ற ஒன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்க்கும்போது ஒரு சிறுவன் முகம் மாறுவதை நான் என் பேரனிடம் கண்டேன். "அப்பத்தாவுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டான்.


வாடிப்பட்டித் தம்பி

அக்கா, நானும் உங்கள் பக்கத்து ஊர்தான். பெரிய பையன்களுக்குக் கிணற்றில் நீச்சல் பழக்கிவிடுங்கள். பிறகு கைப்பேசியைத் தேடமாட்டார்கள். ஆனால் மே மாதத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும், பாறை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறித் தெரியும். அதனால் முதலில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் இறங்கி ஆழம் பார்க்க வேண்டும், படிக்கட்டு இல்லாத கிணறு வேண்டவே வேண்டாம். நான் பழகியபோது என் மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் தள்ளினார். லாரி டியூப் இருந்தாலும் கயிற்றை விடாதீர்கள். பெரியவர் ஒருவர் கரையில் இருக்கும்போது மட்டும்தான் இறங்க வேண்டும் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.


வைகைமகள்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மதினியிடம் பேசினேன். தேதியைக் கேட்டதும் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை; பிறகு, தன் தம்பி மகளுக்குக் காதுகுத்து வருவதாகவும் அதற்குப் போக முடியாது என்றே நினைத்திருந்ததாகவும் சொன்னார். அந்த ஐந்து நாளும் நானும் தங்கையும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவர் நிம்மதியாகப் போய்வரட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அண்ணனும் இரண்டு நாள் போகிறார்.

இன்னும் ஒரு தயக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் இருவரும் வந்தால் அம்மா அவர்களுக்கு இலை போட்டுத் தம் கையால்தான் பரிமாறுவார். அதில் அவர் யார் பேச்சையும் கேட்கமாட்டார்.


சோழவந்தான் மருமகள்

காதுகுத்துச் செய்தியைப் படித்ததும் எனக்கே விடுமுறை கிடைத்ததுபோல இருக்கிறது, சகோதரி. மாப்பிள்ளைக்குப் பரிமாறுவதை அம்மாவிடமிருந்து பறிக்க வேண்டாம். முதல் நாள் மதியம் ஒரு வேளை அவர் ஆசைப்படி கறிக்குழம்போடு இலை போடட்டும். அன்று இரவிலிருந்து மாப்பிள்ளைகள் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் சாப்பிடட்டும். மாலை ஆறு மணிக்கு மாடியில் தண்ணீர் ஊற்றிச் சூடு தணிப்பது, பாயும் கொசுவலையும் ஏற்றுவது, சோற்றுப் பாத்திரத்தை மேலே கொண்டுபோவது எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று உங்கள் கணவரிடம் ஊருக்குக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியாது என்றால், குழம்புச் சோற்றைப் பிசைந்து பிள்ளைகள் கையில் உருட்டிக் கொடுக்கும் நிலாச்சோற்றை முற்றத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைகளும் கை நீட்டினால் அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.