கிள்ளக் கிள்ளத் தழைப்பவை: சமூகத் தோட்ட விளைச்சலைப் பங்கிட்டபோது சந்தித்தவர்கள்

தொண்டூழியர், ஈசூன்:

அனைவருக்கும் வணக்கம். சமூகத் தோட்டத்தில் பயிரை வளர்ப்பதைவிட விளைந்ததைப் பங்கிடுவதே கடினம் என்பதை, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அருகிலுள்ள தோட்டத்தைச் சில ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர்களில் ஒருத்தியாக உறுதியாகச் சொல்வேன். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து சிங்கப்பூரில் 2,000-க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உருவாகியிருக்கின்றன. மண் கலவை, உரம், பூச்சி என்று எதைக் கேட்டாலும் விவரம் தெரிந்தவர்கள் கிடைக்கிறார்கள். ஒரே ஒரு பப்பாளி பழுத்து, அதன்மேல் மூன்று வீட்டாருக்குக் கண் இருந்தால் என்ன செய்வது என்பதைத்தான் அவரவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் முதல் மனத்தாங்கல் பப்பாளியால்தான் வந்தது. கன்றை நட்டவர் ஒருவர்; நாள்தோறும் நீர் ஊற்றியவர் இன்னொருவர்; பழுக்கும் தறுவாயில் காகிதம் சுற்றிப் பறவைகளிடமிருந்து காப்பாற்றியவர் மூன்றாமவர். ஒரு நாள் காலையில் பழம் காணவில்லை. யார் பறித்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால், அந்த மூவரில் இருவர் அதன்பிறகு தோட்டத்துப் பக்கமே வரவில்லை. பிறகு நாங்கள் கூடிப் பேசி, பப்பாளியோ பூசணியோ, முழுதாக ஒருவர் கைக்கே போகக்கூடிய எதையும் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்ததும் அங்கேயே அறுத்து, வந்திருப்பவர் அனைவருக்கும் துண்டு போட்டுக் கொடுப்பது என்றும் முடிவு செய்தோம். அத்துடன் பாத்திகளில் பெரும்பகுதியைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும் பயிர்களுக்கே ஒதுக்கினோம்: சர்க்கரைவள்ளி, கொடிப்பசலை, முருங்கை, கறிவேப்பிலை, பாண்டான். இன்று ஒருவர் பறித்தால் அடுத்த வாரம் மற்றவருக்கு இருக்கும் என்ற நிலையில், யாரும் யாரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. பங்கீட்டுச் சிக்கலில் பாதியை, என்ன நடுவது என்று தீர்மானிக்கும்போதே தீர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

வாசலைப் பூட்டுவதா வேண்டாமா என்பது அடுத்த பெரிய விவாதம். விடிவதற்கு முன்பே யாரோ வந்து சர்க்கரைவள்ளிக் கொழுந்தைப் பறித்துச் செல்வதாகப் புகார் வந்ததும், பூட்டு வாங்கப் பணம்கூடச் சேர்த்துவிட்டார்கள். நானும் இன்னொரு தொண்டூழியரும் அதிகாலையில் போய்ப் பார்த்தோம். எதிர் புளோக்கில் வசிக்கும் வயதான சீன ஆண்ட்டி ஒருவர், கையில் சிறிய பிளாஸ்டிக் பையுடன், எந்த அவசரமும் இல்லாமல் பறித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு அவர் ஓடவில்லை. பறிக்கும் முறையைச் செய்துகாட்டத் தொடங்கிவிட்டார். கொடியின் நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு, கணுவுக்குச் சற்று மேலே, நகத்தால் கிள்ள வேண்டுமாம். கத்தரிக்கோல் கூடாதாம், ஏனென்றால் விரலுக்கு ஒடியாத தண்டு வாய்க்கும் மெல்ல வராது. காம்பை லேசாக ஒடித்து இழுத்தால் நார் நூலாக உரிந்து வருகிறது; அந்த நாரை நீக்கிவிட்டுப் பூண்டு தட்டிப்போட்டு வதக்கினால் கீரை வழுவழுப்பாக வெந்துவிடும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942–1945) மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான் தம் வீட்டைக் காத்தன என்று அவருடைய தாயார் சொல்வாராம். அவர் கிள்ளிய பாத்தியில்தான் பக்கக் கிளைகள் அதிகமாக வந்திருந்தன என்பதை நாங்கள் நேரில் பார்த்தோம். பூட்டுக்குச் சேர்த்த பணம் மண்புழு உரம் வாங்கப் போயிற்று. கொழுந்து கிள்ளும் முறையை இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். எங்களுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு எங்கள் மொழி தெரியாது. சந்தைக்குப் போதுமான மலாய்ச் சொற்கள் இரு தரப்பிலும் இருப்பதால் வேலை நடக்கிறது.

எங்கள் புளோக்கில் துப்புரவுப் பணி செய்யும் வங்காளதேச ஊழியர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடிப்பசலைப் பந்தலைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்ப்பார், உள்ளே வரமாட்டார். ஒரு நாள் நானே அழைத்து ஒரு கட்டுக் கீரையை நீட்டியபோது, “புய் ஷாக்” என்று சொல்லிச் சிரித்தார். தம் ஊரில் இதை இறாலோடு சமைப்பார்கள் என்றும், நாங்கள் உரக்குழியில் எறிந்துகொண்டிருந்த பருத்த தண்டுதான் குழம்புக்குச் சுவை என்றும் அவர் சொன்னார். பழுத்த காய்களை விரலால் நசுக்கிச் சாற்றை நீக்கி, விதையைத் தனியே எடுத்துக் காயவைக்கும் விதத்தையும் காட்டினார். கத்தரிப்பூ நிறச் சாயம் எங்கள் இருவர் கைகளிலும் நெடுநேரம் போகவில்லை. தோட்டத்தின் வேலைப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே பங்கு என்ற விதியை எங்களில் சிலர் விரும்பினார்கள். அந்த விதி இருந்திருந்தால், நம் நடைபாதைகளை அன்றாடம் கூட்டிச் சுத்தம் செய்யும் இந்த மனிதருக்கு ஒரு பிடிக் கீரைக்கும் உரிமை இருந்திருக்காது. அதை என்னால் ஏற்க முடியாது.

கறிவேப்பிலையில் மட்டும் கண்டிப்பு தேவைப்படுகிறது. இணுக்கை அடியோடு ஒடித்து எடுக்காமல், கிளையைப் பிடித்து இலைகளை உருவிச் செல்பவர்களால் செடி மொட்டையாகிவிடுகிறது. போதாக்குறைக்கு வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் அதே செடிக்கு வருகின்றன. இளம் புழு பறவை எச்சத்தைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்தபின் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கொம்பொன்றை நீட்டி நாற்றமடிக்கும். மருந்தடிக்க வேண்டும் என்று ஓர் அக்கா வற்புறுத்தினார். தொடக்கப்பள்ளி மாணவன் ஒருவன் அழாத குறையாக மறித்து நின்றான். கடைசியில் வேலியோரம் இருந்த காய்க்காத எலுமிச்சை மரத்துக்குப் புழுக்களை மாற்றுவது அவன் பொறுப்பாயிற்று. அந்த அக்காவும் இப்போது புழுவைக் கண்டால் அவனுக்குத்தான் தகவல் அனுப்புகிறார்.

தொண்டூழியர், தெம்பனிஸ்:

ஈசூன் சகோதரி எழுதியதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். வாசல் விஷயத்தில் மட்டும் எங்கள் அனுபவம் வேறு. டெங்கிச் சம்பவங்கள் 35,000-ஐத் தாண்டிய 2020-ஆம் ஆண்டில், தோட்டத்துக்குள் யாரோ கொண்டுவந்து போட்ட பழைய தொட்டிகளிலும் தட்டுகளிலும் நீர் தேங்கிக் கொசுப்புழு காணப்பட்டது. பந்தலுக்கு நட்ட மூங்கிலின் வெட்டு வாய்கூட ஒரு கிண்ணம்தான் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அவற்றையெல்லாம் மணலிட்டு அடைத்தோம், நீர்த் தொட்டிக்கு வலை போட்டோம். அதிலிருந்து ஆள் இல்லாத நேரத்தில் எங்கள் வாசல் பூட்டியே இருக்கிறது. ஆனால், வேலிக்கு வெளியே, நடைபாதையை ஒட்டி, பாண்டான், எலுமிச்சைப்புல், வெற்றிலை ஆகிய மூன்றையும் நட்டு, யாரும் எப்போதும் பறிக்கலாம் என்று நான்கு மொழிகளிலும் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த வெற்றிலைக் கொடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பூசைத் தட்டுக்கு வெற்றிலை வாங்கத் தேக்கா சந்தை வரை போய்க்கொண்டிருந்த பாட்டிக்காகத்தான் அதை நட்டோம். பேத்தியின் திருமணச் சீர்வரிசையில் வைக்க வேண்டும் என்று மலாய் மக்சிக் (மூத்த பெண்மணி) ஒருவர் வந்து கேட்டபோது, பாட்டி தாமே முன்வந்து, நரம்பு எடுப்பாகத் தெரியும் அகன்ற இலைகளாகத் தேர்ந்து, காம்பு ஒடியாமல் பறித்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். திருமணம் முடிந்ததும் பாட்டி வீட்டுக்குப் பலகாரப் பெட்டி வந்தது. ஒரே தளத்தில் இத்தனை காலம் குடியிருந்தும் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல்முறை என்று பிறகு தெரிந்தது.

அதே 2020-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாக அனுப்பிய கீரை, காய்கறி விதைகளையும் குறிப்பிடலாம். தாழ்வாரத்தில் வெயில் போதாமல் நாற்று நூல்போல் நீண்டுவிட்டது என்று தொட்டியோடு எங்களிடம் வந்தவர்கள் பலர். இவ்வளவு வெளிச்சம் வேண்டுமா என்று பாத்தியருகே நின்று வியந்த இளம் தம்பதியர் இருவர், இப்போது எங்கள் உரக்குழிக்குப் பொறுப்பாளர்கள்.

தொண்டூழியர், அங் மோ கியோ:

எங்கள் தோட்டத்தில் கீரைக்கட்டுகளை மேசைமீது வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இருந்தது. வாடிப்போனவை மிஞ்சும், நல்லவை முதலில் வந்தவருக்கே போகும், நடமாட முடியாத முதியோருக்கு எதுவும் சேராது. இப்போது வாடகை வீட்டு புளோக்கில் தனியாக வசிக்கும் முதியோரின் கதவைத் தட்டி நேரில் கொடுக்கிறோம். ஒரு கட்டு என்பது ஒருவர் ஒரு வேளை சமைக்கும் அளவு மட்டுமே. பெரிய கட்டாகக் கொடுத்தால் ஆய்ந்து முடிக்க முடியாமல் வீணாகிறது என்று அவர்களே சொன்னார்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு முருங்கையை உருவியே கொடுத்துவிடுகிறோம்.

முருங்கையைப் பொறுத்தவரை ஒரு செய்தி. இங்குள்ள மழைக்கு இலை தழைக்கும் அளவுக்குக் காய் பிடிப்பதில்லை. ஆகவே காயை எதிர்பார்த்து உயரமாக வளரவிடாமல், இடுப்பளவில் வெட்டிவிட்டால் கைக்கெட்டும் உயரத்தில் கீரை கிடைத்துக்கொண்டே இருக்கும். இந்த மாதக் கடைசியில் எங்கள் இரண்டு மரங்களையும் கழிக்கப்போகிறோம். கைத்தண்டு பருமனுள்ள போத்துகள் (நடுவதற்கான கிளைத்துண்டுகள்) நிறையக் கிடைக்கும். ஈசூன், தெம்பனிஸ் தோட்டத்தார் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லுங்கள். வெட்டு வாய் காய்ந்ததும் எடுத்துவைக்கிறோம். பதிலுக்குக் கொடிப்பசலை விதை கொஞ்சம் கொண்டுவாருங்கள்.