மின்சிகரெட் 'விற்பனைத்தடை': ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

மின்சிகரெட் விற்பனையை நிறுத்தும் நகரச் சட்டங்களைத் தமிழில் குறிக்க 'மின்புகைவிலக்கு' என்ற சொல்லை அன்பர் ஒருவர் முன்வைத்திருந்தார். மதுவிலக்கு என்பது மக்கள் நாவில் நெடுங்காலம் பழகிய சொல்லாதலால் அதன் அடியொற்றிச் சென்றது இயல்பே. ஆயினும் இச்சொல் சட்டத்தின் பொருளைத் திரித்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

மின்சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. மின்கலத்தால் சூடேறும் கம்பிச்சுருள், பெரும்பாலும் நிக்கோட்டின் கலந்திருக்கும் நீர்மத்தை நுண்துளிகளாக்க, அவற்றையே உள்ளிழுக்கிறார்கள். எனவே 'புகை' பொருந்தாது. 'விலக்கு' அதைவிடச் சிக்கலானது. வரிவிலக்கு, கட்டண விலக்கு என்றெல்லாம் அரசாணைகளில் படித்துப் பழகிய கடைக்காரர், 'விற்பனை விலக்கு' என்ற தொடரைக் கண்டால் தமக்குச் சலுகை கிடைத்ததாகவே கொள்வார்.

சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சந்தைமுன் அனுமதி (விற்பனைக்கு வருமுன் பெறவேண்டிய ஒப்புதல்) பெறாத மின்சிகரெட்டை நகருக்குள் விற்கவோ, இணையவழியில் நகர முகவரிக்கு அனுப்பவோ கூடாது என்று அந்நகர ஆட்சி மன்றம் 2019 ஜூனில் சட்டம் இயற்றியது. அந்நகரிலேயே தலைமையகம் வைத்திருந்த ஜூல் என்ற மின்சிகரெட் நிறுவனத்தின் ஆதரவுடன் அதை மாற்றக் கொண்டுவரப்பட்ட முன்மொழிவை, அவ்வாண்டு நவம்பரில் வாக்காளர்கள் பெருவாரியாகத் தோற்கடித்தார்கள். இத்தனைக்கும் அச்சட்டம் தடுப்பது விற்பவரை மட்டுமே. எல்லைக்கு வெளியே வாங்கிவந்து தம் வீட்டில் பயன்படுத்தும் வயதுவந்தவர் மீது அது பாயாது.

சிங்கப்பூரிலோ 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றம். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் ஆகியவற்றைத் தடுத்தாலும், பயன்படுத்துவதை அப்பட்டியலில் சேர்க்கவில்லை. இம்மூன்றையும் நம் செய்தித்தாள்கள் 'மின்சிகரெட்டுக்குத் தடை' என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிடுகின்றன. பயணியாகச் செல்லும் ஒருவர் எல்லாத் தடையும் ஒன்றே என்று நம்பிப் பையில் ஒன்றை வைத்துக்கொண்டால் சிங்கப்பூர் விமான நிலையத்தில் தண்டம் கட்ட நேரும். சொற்களை நாம் பிரித்துத் தர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஆகவே நகரச் சட்டத்துக்கு 'விற்பனைத்தடை' என்றும், சிங்கப்பூரில் உள்ளதற்கு 'உடைமைத்தடை' என்றும், இந்தியச் சட்டத்துக்கு 'வணிகத்தடை' என்றும் வேறுபடுத்தலாம். கருவியின் பெயரை, எல்லோரும் வழங்குகிறபடி, மின்சிகரெட் என்றே விட்டுவிடலாம்.

பழச்சுவை, மெந்தால் போன்றவை சேர்த்த புகையிலைப் பொருள்களின் விற்பனைக்கு எதிராக சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் 2018இல் வாக்களித்த சட்டத்துக்கு மட்டும் எனக்குச் சுருக்கமான சொல் அமையவில்லை. 'சுவைத்தடை' என்றால் நாவின் உணர்வு கெடும் நோயைக் குறிப்பதாகத் தோன்றுகிறது. 'சுவையூட்டுபொருள் விற்பனைத்தடை' என்பது நீண்டாலும் தெளிவாக இருக்கிறது. இதனினும் செறிவான சொல் இருந்தால் அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.