1940 கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து ஸ்பிட்ஃபயர்: படத்தின் சாம்பலை நம்புவதா, பெயின்ட் நிறத்தை நம்புவதா?

கித்தான்60:
40 x 60 செ.மீ. கேன்வாஸில் அக்ரிலிக்கில், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1 வரைகிறேன். கையில் இருப்பது 1940 கோடையில் இன்னொரு விமானத்திலிருந்து எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மூக்கு நம் பக்கம் திரும்பியிருக்கிறது. லேசாகச் சாய்ந்து பறப்பதால் அடிப்பக்கமும் தெரிகிறது. 10 x 15 பிரின்டில் 1 செ.மீ. கட்டம், கேன்வாஸில் 4 செ.மீ. கட்டம் என்று போட்டு பென்சில் வரைவு முடிந்தது. சிக்கல் நிறத்தில்தான். உடலில் உள்ள ரவுண்டலின் (வட்ட வடிவ விமானப்படைச் சின்னம்) வெளி வளையம் மஞ்சள் என்று தெரியும். படத்தில் அது கிட்டத்தட்டக் கறுப்பு. வானம் வெறும் வெள்ளை. படத்தின் அடர்த்தியை அப்படியே எடுக்கலாமா, தெரிந்த நிறத்தை வைக்கலாமா?

மேகமூட்டம்:
படத்தையே பிடிச்சுக்கோங்க. அன்னைக்கு அந்த வெளிச்சத்தில அந்த விமானம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல வேற சாட்சியே கிடையாது. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 9 படி சாம்பல் பட்டை ஒண்ணு தயார் பண்ணுங்க. ரா அம்பரும் டைட்டானியம் ஒயிட்டும் மட்டும் வெச்சு முழுப் படத்தையும் அந்த 9 படிக்குள்ள வரைஞ்சு முடிங்க. ஒரு நாள் காயட்டும். அப்புறம் கிளேசிங் மீடியம் (பெயின்ட்டை ஒளி ஊடுருவுற மாதிரி ஆக்குற நிறமில்லாத பசை) 8 பங்கு, பெயின்ட் 1 பங்கு கலந்து நிறத்தை மெல்லிசா மேல ஏத்துங்க. அக்ரிலிக் காஞ்சா கரையாது, அதனால எத்தனை பூச்சு போட்டாலும் கீழ இருக்கிறது கலங்காது. நிறப் பட்டியலைப் பார்த்துப் பூசினா கிடைக்கிறது விமானம் இல்லை, வண்ணம் நிரப்பின வரைபடம்.

பழைய_நெகட்டிவ்:
இந்த ஒரு படத்துக்கு இந்த யோசனை பொருந்தாது. மஞ்சள் வளையம் கறுப்பாக விழுந்திருக்கிறது என்றால் அது ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம். அதற்குச் சிவப்பு தெரியாது, நீலம் அளவுக்கு மீறித் தெரியும். ரவுண்டலின் நடுவட்டத்தையும் நீல வளையத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு கரியாகவும் நீலம் வெளிறியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்குரோமேட்டிக் ஃபிலிமாக இருந்தால் மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாக நிற்கும்.

விளைவு ரவுண்டலோடு நிற்பதில்லை. டார்க் எர்த் என்ற பழுப்பு, டார்க் கிரீனைவிட நேரில் வெளிர். ஆர்த்தோ ஃபிலிமில் பழுப்பு இருண்டுவிடுவதால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிப்போகும். சாம்பலை நம்பி அடிப்பூச்சு போட்டால் உருமறைப்புப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே எத்தனை மெல்லிய பூச்சு போட்டாலும் அது மீளாது. மெல்லிய பூச்சால் இருட்ட முடியும், வெளுக்க முடியாது. வானம் வெள்ளையாக இருப்பதும் மேகமூட்டத்துக்குச் சான்று அல்ல. நீல வானமே அந்த ஃபிலிமில் வெள்ளையாக விழும். விமானத்தின் மேலேயே பாருங்கள்: ஆன்டெனா கம்பத்தின் நிழலோ வால் இறக்கையின் நிழலோ உடலில் கூர்மையான விளிம்போடு விழுந்திருந்தால் அன்று வெயில்.

மேகமூட்டம்:
ஃபிலிம் விஷயம் சரி, ஏத்துக்கறேன். ஆனா ஃபிலிம் பொய் சொல்றது நிறத்தில மட்டும்தானே? நிழலும் ஒளியும் எங்க விழுது, எந்த விளிம்பு கூர், எந்த விளிம்பு மங்கல், இதெல்லாம் படத்தைத் தவிர எங்க இருக்கு? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு டார்க் எர்த், டார்க் கிரீன், அடிப்பக்கத்துக்கு ஸ்கைன்னு டப்பாவில இருக்கிற மாதிரியே பூசினா 45 செ.மீ. அகலத்தில பொம்மை விமானம் வந்து உக்காரும். தூரத்தில இருக்கிற பொருளோட நிறம் காற்றில வெளுக்கும், வானத்தோட சாயல் ஏறும். பெயின்ட் அட்டையில இருக்கிற நிறம் கைக்கெட்டும் தூரத்து நிறம்.

பழைய_நெகட்டிவ்:
தூரத்துக்கு வெளுக்க வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. நிழல் பற்றி மட்டும் ஒரு திருத்தம். வெளியில் விழும் நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம். ஆர்த்தோ ஃபிலிமுக்கு நீலம் அளவுக்கு மீறித் தெரிவதால் நிழல் நேரில் இருந்ததைவிட வெளுத்துத்தான் பதிவாகும். ஆகவே நிழலின் இடத்தைப் படத்திலிருந்து எடுங்கள், ஆழத்தை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள்.

முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவை மங்கலான, ஒளி ஊடுருவாத போர்க்கால பெயின்ட்கள். மெல்லிய பூச்சுகளாகக் கட்டினால் கண்ணாடி போல உள்ளிருந்து ஒளிரும், அந்தத் தோற்றம் இங்கே தவறு. ஒவ்வொரு நிறத்தையும் கெட்டியாகவே கலந்து வெயில், நடு, நிழல் என்று மூன்று அடர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு:

டார்க் எர்த்: யெல்லோ ஆக்கர் 3, ரா அம்பர் 2, டைட்டானியம் ஒயிட் 1, பர்ன்ட் சியன்னா பிரஷ் நுனியளவு.
டார்க் கிரீன்: குரோமியம் ஆக்சைடு கிரீன் 3, ரா அம்பர் 2, கறுப்பு நுனியளவு.
அடிப்பக்கத்து ஸ்கை: ஒயிட் 15, யெல்லோ ஆக்கர் 1, குரோமியம் ஆக்சைடு 1. இது வான நீலம் அல்ல, பச்சையும் மஞ்சளும் கலந்த வெளிர் நிறம்.

நிழல் அடர்த்திக்குக் கறுப்பை ஊற்றாமல் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யவே கூடாது. அக்ரிலிக்கின் பசை ஈரத்தில் பால் போல இருக்கும், காய்ந்தால் தெளிந்து நிறம் இருளும். ஒயிட் மிகுந்த கலவையில் இந்த மாற்றம் குறைவு, டார்க் கிரீனில் நன்றாகத் தெரியும். ஒரு துண்டு கேன்வாஸில் தடவி ஹேர் டிரையரில் காயவைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 30 மி.லி. கலந்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறத்தை மறுபடி பிடிப்பது பெரும்பாடு.

கித்தான்60:
கலந்த நிறங்கள் சரியா என்று செல்போனில் கறுப்பு வெள்ளையாக எடுத்து மூலப் படத்தோடு ஒப்பிடலாமா?

பழைய_நெகட்டிவ்:
அப்படியே ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். போன் எல்லா நிறத்தையும் பார்க்கிறது, அந்த ஃபிலிம் பார்க்கவில்லை. காய்ந்த நிறத் துண்டுகளைக் கலரிலேயே எடுங்கள். படம் திருத்தும் செயலியில் சேனல் மிக்ஸரைத் திறந்து, சிவப்பு 0, பச்சை 50, நீலம் 50 என்று வைத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். ஆர்த்தோ ஃபிலிம் பார்த்ததற்கு ஓரளவு பக்கத்தில் வரும். மஞ்சள் கறுத்து, நீலம் வெளுத்து, மூலப் படத்தின் சாம்பலோடு உங்கள் துண்டுகள் பொருந்தினால் கலவை சரியான திசையில் இருக்கிறது.

மேகமூட்டம்:
இது நல்ல சோதனை, நானும் ஒத்துக்கறேன். ஆனா பாருங்க, கடைசியில நீங்களும் படத்தோட சாம்பலைத்தான் நீதிபதியா உக்கார வெச்சிருக்கீங்க! அடிப்பக்கம் மொத்தத்தையும் ஒரே ஸ்கையா பூசிடாதீங்கன்னு மட்டும் சேர்த்துக்கறேன். கீழ வயல்வெளி இருந்தா அதோட பச்சை வெளிச்சம் இறக்கையோட அடியில ஏறும். இறக்கை உடலோட சேர்ற மூலை நல்லா இருண்டு நிக்கும். அந்த ஏற்ற இறக்கம் படத்தில இருக்கு, நிறப் பட்டியல்ல இல்லை.

இறக்கைக்கணக்கு:
பிரஷ்ஷைத் தொடும் முன் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கக் கோணத்தில் எழுத்துகள் சரியாகத் தெரியாததால் இது கண்ணில் படாமலே போகும். மார்க் 1-இல் பெரிய பெட்டி போன்ற ரேடியேட்டர் வலது இறக்கையின் அடியில், சிறிய ஆயில் கூலர் இடது இறக்கையின் அடியில். விமானம் நம்மைப் பார்த்து வருவதால் ரேடியேட்டர் நமக்கு இடப்பக்கம் தெரிய வேண்டும். காற்றுவேகம் அளக்கும் பிட்டோ குழாய் இடது இறக்கையின் அடியில், அதாவது நமக்கு வலப்பக்கம். மாறியிருந்தால் கோட்டு வரைவையே திருப்பிப் போட வேண்டும்.

காலத்தையும் சரிபாருங்கள். வாலுக்கு முன்னால் ஸ்கை நிறப் பட்டையும் ஸ்கை நிற ஸ்பின்னரும் (புரொபெல்லரின் நடுவில் உள்ள கூம்பு மூடி) 1940 நவம்பர் கடைசியில்தான் வந்தன. கோடைப் படத்தில் அவற்றைச் சேர்க்கக் கூடாது. இறக்கையின் மேல்பக்கத்து ரவுண்டலில் சிவப்பும் நீலமும் மட்டும்தான்.

தகடு இணைப்புக் கோடுகளை வரையாதீர்கள். இறக்கை 11.23 மீட்டர், உங்கள் கேன்வாஸில் சுமார் 45 செ.மீ., அதாவது 25-இல் ஒரு பங்கு. 2 மி.மீ. இடைவெளி அங்கே 0.08 மி.மீ. ஆகிறது. எந்தப் பிரஷ்ஷாலும் அது முடியாது. கறுப்புக் கோடு போட்டால் தகடுகளுக்கு நடுவே விரல் நுழையும் போலிருக்கும். எஞ்சின் மூடியில் மட்டும் பக்கத்து நிறத்தைவிட அரைப் படி இருண்ட கோடு, அதுவும் விட்டுவிட்டு.

கித்தான்60:
படத்தில் புரொபெல்லர் தகடுகள் மங்கலாகத் தெரிகின்றன. அப்படியே வரையவா, முழு வட்டமாக்கவா?

இறக்கைக்கணக்கு:
எஞ்சின் நிமிடத்துக்கு 2600 சுற்று, கியர் விகிதம் 0.477 என்று வைத்தால் புரொபெல்லர் சுமார் 1240 சுற்று. விநாடிக்கு 20-க்கு மேல். 1/250 விநாடி ஷட்டரில் ஒரு தகடு 30 டிகிரி நகரும். மூன்று தகடுகளுக்கு இடையில் 120 டிகிரி, அதில் கால் பங்கு மங்கல். படத்தில் இருப்பது கேமராவின் பார்வை. மனிதக் கண்ணுக்கு அது முழு வட்டம். நான் வட்டத்தின் பக்கம்.

மேகமூட்டம்:
நான் விசிறியின் பக்கம். முழு வட்டம் சீராப் பூசினா மூக்குக்கு முன்னால கண்ணாடித் தட்டு வெச்ச மாதிரி இருக்கும், விமானம் நின்னுடும். மூணு மங்கல் விசிறி போடுங்க, முன்னால வர்ற ஓரம் கொஞ்சம் தெளிவு, பின்னால கரையட்டும். திசை முக்கியம்: இந்த விமானத்தோட மெர்லின் எஞ்சின் புரொபெல்லரைச் சுத்துறது விமானியோட பார்வையில வலஞ்சுழி, நமக்கு இடஞ்சுழி.

பழைய_நெகட்டிவ்:
எதைத் தேர்ந்தாலும் பின்னணி வானமும் மூக்கும் முழுதாகக் காய்ந்த பிறகு, கிளேசிங் மீடியம் 10 பங்குக்குச் சாம்பல் 1 பங்கு, கிட்டத்தட்ட உலர்ந்த தட்டைப் பிரஷ்ஷால் வளைவாக இழுங்கள். மெல்லிய பூச்சுக்குச் சரியான இடம் இதுதான். தகடுகளின் நுனி மஞ்சள், ஆகவே வெளி ஓரத்தில் மிக மெல்லிய மஞ்சள் வில் வரும். உங்கள் படத்தில் அது கறுப்பாகத்தான் இருக்கும்.

ரவுண்டலுக்கு மாஸ்கிங் டேப் வைப்பதானால் ஒட்டிய ஓரத்தில் முதலில் மேட் மீடியம் ஒரு பூச்சு தடவிக் காயவிட்டு, பிறகு நிறத்தைப் பூசுங்கள். கசியும் இடத்தை மீடியமே அடைத்துவிடும். பெயின்ட் முழுதாக இறுகும் முன் டேப்பை மெதுவாக மடக்கி இழுங்கள். உருமறைப்புப் பட்டைகளுக்கு டேப் வேண்டாம், வெறும் கைதான். அங்கே விளிம்பு 1 மி.மீ. மங்கினாலும் நிஜத்தில் அது ஓர் அங்குலம்தான்.