பனி கொட்டும் நாளில் வீட்டில் எந்தக் கறுப்பு பீர்? உங்கள் அனுபவங்கள்

கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகனிலிருந்து:

மிச்சிகன் ஏரியைக் கடந்து வரும் குளிர்காற்று அதன் ஈரத்தை அள்ளிவந்து எங்கள் பக்கம் பனியாகக் கொட்டுவதால், வாசலைத் தாண்ட முடியாத நாட்கள் இங்கே ஆண்டுதோறும் உண்டு. அப்படியொரு நாளில், உடன் பணிபுரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் என்னைப் பக்கத்துத் தெருவிலிருந்த தம் வீட்டுக்கு அழைத்தார். நிறத்தைப் பார்த்து வலிமையை எடைபோடக் கூடாது என்பதுதான் அவர் முதலில் சொன்னது. பீருக்குக் கறுப்பு நிறம் வருவது வறுத்த தானியத்தால். ஆல்கஹால் கூடுவதோ நொதிக்கக் கிடைத்த சர்க்கரையின் அளவால். கின்னஸ் டிராஃப்ட் கன்னங்கரேலென்று இருந்தாலும் அதில் 4.2 சதவீதம்தான் உள்ளது; லாகர் எனப்படும் வெளிர்நிற பீர்கள் பலவற்றில் அதைவிட அதிகம்.

அவர் எடுத்து வைத்தது, பெல்ஸ் நிறுவனத்தாரின் எக்ஸ்பெடிஷன் ஸ்டவுட், 10.5 சதவீதம். வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீரைத்தான் ஸ்டவுட் என்கிறார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காமல் வெகுநேரம் மேசைமேலேயே விட்டுவிட்டார். குளிர் மிகுந்திருக்கும்போது நாக்குக்குக் கரிந்த கசப்பு மட்டுமே எட்டுகிறது. 12 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்த பிறகு, கருப்பட்டிப் பாகை முறுகக் காய்ச்சியதுபோல் ஒரு மணமும் அதன் பின்னால் உலர்பழங்களின் இனிப்பும் மெல்ல எழுந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனின் சவுத்வார்க்கில் இருந்த திரேல் ஆலை, ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அரண்மனைக்கு இதுபோன்ற வலிமை கூடிய கறுப்பு பீரை அனுப்பியது. கடல் பயணத்தைத் தாங்குவதற்காகவே வலிமையைக் கூட்டினார்கள் என்று பலரும் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஏனெனில் போர்ட்டர் எனப்படும் சாதாரண கறுப்பு பீரே இந்தியா வரை கப்பலேறியிருக்கிறது.

பகற்பொழுதுக்கு என் தேர்வு, எங்கள் ஊர் ஃபவுண்டர்ஸின் பிரேக்ஃபஸ்ட் ஸ்டவுட். 8.3 சதவீதம் இருந்தும், ஓட்ஸ் சேர்ப்பதால் வழவழப்பாக இறங்குகிறது. காப்பியின் கசப்பும் தெரிகிறது. பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட பீர்களை இருவராகப் பகிர்ந்து குடிப்பதே நல்லது.

ஸ்கார்பரோ, டொரன்டோவிலிருந்து:

அண்ணா, நீங்கள் அமெரிக்க பியர்களைச் சொன்னீர்கள். நான் இலங்கையின் லயன் ஸ்டவுட்டைச் சொல்கிறேன். பனிப்புயல் வரப்போகிறது என்ற அறிவிப்புக்குப் பிறகு கடைக்குப் போய், கனமான ஸ்டவுட் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, நான் எந்த நாட்டவன் என்று அறியாத கனடிய ஊழியர் ஒருவர் இதைத்தான் பரிந்துரைத்தார். நுவரெலியாவின் குளிரில் தொடங்கிய அந்த ஆலை இப்போது கொழும்புக்கு அருகே பியகமவில் இயங்குகிறது. சொக்லேட் சுவை தூக்கலாக இருப்பதால், மிளகு போட்டுப் பிரட்டிய ஆட்டிறைச்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை. அளவில் மட்டும் கவனம் வேண்டும்: 8.8 சதவீதமுள்ள 330 மில்லிலீட்டர் போத்தல் ஒன்று, இங்கு வழக்கமான 341 மில்லிலீட்டர், 5 சதவீத பியர் ஒன்றரைக்கும் மேற்பட்ட ஆல்கஹாலைக் கொண்டது. குடித்ததும் உடல் சூடாவதுபோல் தோன்றுவது தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதால்தான். உண்மையில் உடல் வெப்பத்தை இழக்கிறது. ஆகவே வாசல் பனியை அள்ளி முடித்த பிறகே நான் போத்தலைத் திறப்பேன். குளிரூட்டுவதற்காக அதை பல்கனிப் பனியில் புதைத்து வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டாரின் போத்தல் உறைந்து வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மியூனிக்கிலிருந்து:

வறுத்த கசப்புப் பிடிக்காதவர்கள் டோப்பல்பாக் என்ற வலிமையான ஜெர்மன் லாகர் வகையை நாடலாம். பவுலானர் துறவிகள் தவக்காலத்துக்கென்று காய்ச்சிய பீரின் வழிவந்த சல்வட்டோர் 7.9 சதவீதம், நிறம் கறுப்பன்று, செம்பழுப்பு. ஸ்டவுட்டின் கரிந்த சுவை இதில் இல்லை. ரொட்டியின் மேலோட்டை மெல்லும்போது வரும் இனிப்புத்தான் மேலோங்கி நிற்கிறது. வேலை நிமித்தம் இங்கு வந்திருந்த என் மைத்துனர், ஸ்டவுட்டை ஒரு மிடறோடு தள்ளிவைத்தவர், பனி பெய்த ஒரு ஞாயிறன்று இதை விரும்பிக் குடித்து, மறுநாள் தாமே போய் இன்னும் இரண்டு பாட்டில்கள் வாங்கி வந்தார்.