கொலபோமா உள்ள பிள்ளைக்கு விழித்திரை கழன்றபோது

என் மகளுக்குப் பிறப்பிலேயே இரண்டு கண்ணிலும் கொலபோமா. கருமணி வட்டமாக இல்லாமல் கீழ்ப்பக்கம் சாவித்துவாரம் போல நீண்டிருக்கும். உள்ளே விழித்திரையின் கீழ்ப்பகுதியிலும் அதே குறை. கருவில் 5 முதல் 7 வாரத்துக்குள் மூட வேண்டிய பிளவு மூடாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். கிரகணம் பட்டது என்று இன்னும் சொல்லும் மாமிமாருக்கு விளக்கிக் களைத்துவிட்டேன்.

அந்த இடத்தில் விழித்திரை வெறும் சவ்வாகத்தான் இருக்கும். அதில் துளை விழுந்தால் நீர் பின்னால் போய் நல்ல பகுதியையும் கழற்றிவிடும். வலிக்காது. பிள்ளையும் மற்றக் கண்ணால் சமாளித்துக்கொண்டு வாயே திறக்காது. அதனால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கப் பழக்குங்கள் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதையே விளையாட்டாக்கினோம்: காலி வீதியில் வரும் பஸ்ஸின் நம்பரை யார் முதலில் சொல்வது?

ஒருநாள் இடக் கண்ணைப் பொத்தியவள் 100 என்று சொல்லாமல் நாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "அம்மா, மேலால கறுப்பாக் கிடக்கு. பஸ்ஸின்ர சில்லுத்தான் தெரியுது." கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால், கீழே கழன்றால் மேலேதான் மறையுமாம்.

அடுத்த நாள் காலையே லிப்டன் சுற்றுவட்டத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மயக்கம் கொடுத்து, கண்ணுக்குள் இருந்த விழிப்பசையை எடுத்து, கொலபோமாவின் விளிம்பு முழுக்க லேசர் போட்டு, சிலிக்கன் எண்ணெய் நிரப்பினார்கள். பெரிய பாடு அதற்குப் பிறகுதான். எண்ணெய் மிதக்கும், அது விழித்திரையை அழுத்திப் பிடிக்கப் பிள்ளை குப்புறக் கிடக்க வேண்டும். துடியாட்டப் பிள்ளையை எப்படிக் கிடத்துவது? கட்டில் விளிம்பில் நெற்றியை வைக்கச் சொல்லிவிட்டு, நான் நிலத்தில் மல்லாந்து படுத்து அவள் முகத்தைப் பார்த்துக் கதை சொன்னேன். கதை முடிந்தால் தலையைத் தூக்கிவிடுவாள், ஆகவே கதையை முடிக்கவே இல்லை.

கிளினிக்கில் சந்தித்த ஒரு தாயின் மகனுக்கு ஸ்டிக்லர் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறை. பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த பிள்ளை, கடும் கிட்டப்பார்வை. ஒரு கண்ணில் பெரிய கிழிசல் வந்ததும் மற்றக் கண்ணுக்கு முன்கூட்டியே சுற்றிவர லேசர் போட்டுவிட்டார்களாம். எங்களுக்கும் இடக் கண்தான் இப்போது கவலை.

எண்ணெய் இன்னும் எடுக்கவில்லை. எடுத்த பிறகு பிள்ளைகளை நீச்சலுக்கு விட்டவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு காலம் பொறுக்கச் சொன்னார்கள்?