புதுப்பிப்பு: காலமை விரல் மடங்காத கதை

போன மாசம் எழுதியிருந்தன், முடக்குவாதத்தால காலமை விரல் மடங்காம கிடக்கிறத மாமி சோம்பல் எண்டு சொல்றா, இவர் வாயே திறக்கிறாரில்லையெண்டு. கனபேர் இவரையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னீங்க. போனம். கல்லடிப் பாலம் தாண்டும் வரைக்கும் முறுமுறுத்தார், பிறகு டொக்டர் இது தேய்மானமில்ல, உடம்புட எதிர்ப்புச் சக்தியே மூட்டத் தாக்குது, எழும்பினா ஒரு மணித்தியாலத்துக்கு மேலயும் இறுக்கம் இருக்கும் எண்டு விளங்கப்படுத்தினதும் ஆள் அப்பிடியே அமைதி. இப்ப மெத்தோட்ரெக்சேட் குளிசை கிழமைக்கு ஒருநாள்தான், மற்ற நாள் தொடப்படாதெண்டு கலண்டர்ல வட்டம் போடுறதே அவர்தான் (முந்தி என்ர குளிசைப் பேரே தெரியாது!). நானும் ஒண்டுமில்லயெண்டு மூஞ்சைய நீட்டிக்கொண்டு திரியாம, இண்டைக்கு ஏலாதெண்டு நேராச் சொல்றன். மாமியோ? நேத்து தேங்காய் அவவே திருவினா, முணுமுணுத்துக்கொண்டுதான்.